சுண்ணாம்பு குறைந்தால் கள்

கலயத்துக்குள் மூக்கை விட்டுப் பார்த்த பனையேறி முகத்தைச் சுளித்தார். “இது ஆகாது அண்ணாச்சி. பொங்கிருச்சு.”

பத்து மரங்களில் ஒன்பது மரத்துப் பதநீர் தெளிவாக இருந்தது. பத்தாவது கலயத்தில் மட்டும் ஓரமெல்லாம் வெள்ளை நுரை, லேசான புளிப்பு வாடை. அதை மற்றதோடு சேர்க்காமல் தரையில் கவிழ்த்தார். கொஞ்ச நேரத்தில் எறும்பு சாரை கட்டிவிட்டது.

திருத்தங்கலுக்கு வெளியே, கண்மாய்க் கரைப் பனைகளுக்கு அடியில் ஒரு மாசி மாதக் காலை. மனிதருக்கு அறுபது வயதுக்கு மேல். நெஞ்சில் மரம் உரசிய காய்ப்பு. இரண்டு மகன்களும் பட்டாசு ஆலை வேலைக்குப் போகிறார்கள்.

நான் அவரைத் தேடிப் போனதற்குக் காரணம் லண்டனில் இருக்கும் நண்பர் ஒருவரின் ஒயின். கடையில் வாங்கிய மலிவான திராட்சைச் சாறு, சர்க்கரை, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் மூன்றையும் ஒரு கேனில் ஊற்றிவைத்து, மூன்று நாளாகக் குமிழியே வரவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார். சொந்தக் குடிக்கு வீட்டில் ஒயின் செய்ய அங்கே தடையில்லை. தடை வேறு இடத்தில் இருந்தது. சாறு கெடாமலிருக்கக் கம்பெனிக்காரர்கள் சேர்த்த பாதுகாப்பு மருந்து ஈஸ்டைத் தலைதூக்க விடவில்லை; குளிர்ந்த அறை மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. இதைச் சொன்னதும் பனையேறி சிரித்துவிட்டார். “பொங்கலைன்னா கவலைப்படுறாரு? கேனை இங்க அனுப்பச் சொல்லுங்க.”

அவருடைய கவலை நேர் எதிரானது. பாளையிலிருந்து சொட்டும் பனஞ்சாற்றில் சுமார் 12 விழுக்காடு சர்க்கரை. ஈஸ்டை யாரும் போட வேண்டியதில்லை. காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்தின் மண் துளைகளிலும் அது காத்திருக்கிறது, கூடவே பாக்டீரியாக்களும். விருதுநகர் வெயிலில் சொட்டு விழுந்த கணமே வேலை தொடங்கிவிடும். ஒரு பகல் பொழுதுக்குள் 4, 5 விழுக்காடு ஆல்கஹால். இன்னும் விட்டுவைத்தால் காடி.

இதை நிறுத்தத்தான் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். ஈஸ்டுக்கு லேசான புளிப்புத்தான் சொர்க்கம்; சுண்ணாம்பின் காரத்தில் அது முடங்கிப்போகும். அளவு சொல்ல ஸ்பூனோ தராசோ கிடையாது, விரல்தான். “கூடுச்சுன்னா நாக்கு வெந்துரும். கொறஞ்சா கள்ளாயிரும்” என்கிறார்.

கள்ளாவது இங்கே வெறும் ருசிப் பிரச்சினை இல்லை. 1937இன் மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1987 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. பதநீருக்கு அனுமதி உண்டு. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. உள்ளே சுண்ணாம்பு இருந்தால் தொழில், இல்லையென்றால் வழக்கு. மேற்கே தெரிகிற மலையைத் தாண்டிவிட்டால் கேரளத்தில் அதே கள்ளுக்கு உரிமம் பெற்ற கடையே இருக்கிறது. ஒரு விரல் சுண்ணாம்பின் மேல் இத்தனை பெரிய சட்டத்தை ஏற்றிவைத்திருப்பது விசித்திரமாகத்தான் படுகிறது.

சரி, பத்தாவது கலயம் ஏன் பொங்கியது? அவர் விசாரித்த விதம் பார்க்கச் சுவையாக இருந்தது. முதல் சந்தேகம் மரநாய் மேல். இரவில் ஏறிப் பதநீர் குடிக்கும் பிராணி அது. ஆனால் பட்டையில் நகக்கீறல் இல்லை. அடுத்து கலயம்: விரிசல் இல்லை, நேற்றுத்தான் நெருப்பில் வாட்டியது. கடைசியில் உட்சுவரை நகத்தால் சுரண்டினார். மாவு மாதிரி உதிர்ந்தது. “சுண்ணாம்பு செத்துப்போச்சு.” நேற்றுச் சாயங்காலம் பத்தாவது மரத்துக்குப் போனபோது சுண்ணாம்புப் பெட்டி காலி, விளிம்பில் காய்ந்து ஒட்டியிருந்ததைத் தண்ணீர் விட்டுக் குழைத்துத் தடவியிருக்கிறார். காற்றுப்பட்டுக் கிடந்த சுண்ணாம்பு கரியமில வாயுவை இழுத்து வெறும் சாக்குக்கட்டித் தூளாகிவிடும். பார்க்க வெள்ளைதான், காரம் இருக்காது.

பிரான்சில் 1856இல் லீல் நகரத்துச் சாராய ஆலைக்காரர் ஒருவர், பீட்ரூட் சாறு புளித்துப்போகிறதே என்று லூயி பாஸ்டரிடம் போய் நின்றார். நல்ல தொட்டியில் உருண்டை உருண்டையாக ஈஸ்ட், கெட்ட தொட்டியில் குச்சி குச்சியாக வேறொன்று என்று மைக்ராஸ்கோப் காட்டிக்கொடுத்தது. நுண்ணுயிர் அறிவியலின் பெரிய கதவு ஒன்று அங்கே திறந்தது. கண்மாய்க் கரையில் அந்தக் கருவி இல்லை. மூக்கும் நகமும் இருந்தன.

வீட்டில் அவர் மனைவி அடுப்பை மூட்டியிருந்தார். சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் இறுத்து அகலக் கொப்பரையில் ஊற்றுகிறார். பொங்கி வழியாமலிருக்க நுணுக்கிய ஆமணக்கு விதை ஒரு சிட்டிகை. எட்டு லிட்டர் வற்றினால் ஏறக்குறைய ஒரு கிலோ கருப்பட்டி. பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலில் உருள்கிறதா என்று பார்க்கிறார். உருண்டால் சிரட்டையில் ஊற்ற வேண்டியதுதான்.

“புளிச்ச பதனி ஒரு செம்பு கலந்தாலும் போதும், எவ்வளவு வெறகு எரிச்சாலும் எறுகாது” என்றார். காரணம் எளியது. புளிக்கத் தொடங்கிய சாற்றில் சர்க்கரை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைந்துவிடுகிறது. அவை கட்டி பிடிக்கவிடாது, ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். சந்தையில் கசிந்து பிசுபிசுக்கும் கருப்பட்டி சிலவற்றின் கதை இப்படி ஒரு கலயத்தில் தொடங்கியிருக்கலாம். சீனிப்பாகு கலந்த கருப்பட்டியின் கதை வேறு. அது கலயத்தில் தொடங்குவதில்லை.

இந்தப் பக்கத்தில் 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்து தீப்பெட்டித் தொழிலை ஆரம்பித்தார்கள். மழை குறைந்த வறண்ட காற்று அதற்கு வாகாக இருந்தது. அதே வறட்சியைத் தாங்கித்தான் பனையும் நிற்கிறது. பனை 1978இல் மாநில மரமானது. ஏற ஆள்தான் இல்லை. வருடத்தில் ஆறு மாதம்கூட நீடிக்காத பருவம், ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏற்றம், ஒரு வேளை சீவாவிட்டாலும் பாளை காய்ந்து அடைத்துக்கொள்ளும். லீவு என்ற சொல்லுக்கே இடமில்லாத வேலைக்கு மகன்கள் வரவில்லை என்று பனையேறியும் குறைசொல்லவில்லை.

மதியத்துக்கு மேல் பத்தாவது கலயத்தைக் கழுவி, ஓலை நெருப்பில் கவிழ்த்து வாட்டினார். புதிய சுண்ணாம்பைக் குழைத்துப் பெட்டியை நிரப்பி, ஈரத்துணியால் மூடினார். திளாப்பைக் காலில் மாட்டும்போது திரும்பிப் பார்த்துக் கேட்டார்: “லண்டன்காரருக்கு அப்புறம் பொங்கிச்சா?”