எங்க ஊருக்குப் பக்கத்து மால் எது?

சின்னமனூர் என்று சொன்னால் என் வகுப்பில் பாதிப் பேர் முழிப்பார்கள். தேனி என்றால் கொஞ்சம் புரியும். கம்பம், குமுளி, மேகமலை என்று இழுத்தால் "ஓ, டூர் போற இடமா!" என்பார்கள். அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "அங்க மால் எல்லாம் இருக்கா? பொழுது எப்படிடா போகும்?"

மால் இல்லை மக்களே. வேண்டுமென்றால் மதுரைக்கு வரணும். கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். தேனி, ஆண்டிபட்டி, கணவாய், உசிலம்பட்டி, செக்கானூரணி என்று நின்று நின்று வரும் பஸ்ஸில் மூன்று மணி நேரம் ஆகிவிடும். சென்னை 500 கிலோமீட்டருக்கு மேல். சாயங்காலம் ஏறினால் விடிந்துதான் இறங்கணும்.

ரயில் தனிக் கதை. மதுரை - போடி பாதை 1928-ல் போட்டது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய், சுதந்திரத்துக்கு அப்புறம் திரும்பப் போட்டார்கள். அகலப்பாதை ஆக்குகிறோம் என்று 2010 கடைசியில் மறுபடி நிறுத்தினார்கள். தேனிக்கு 2022 மே மாதமும், போடிக்கு 2023 ஜூனிலும்தான் ரயில் திரும்பி வந்தது. நான் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது நின்ற ரயில், நான் பிளஸ் டூ படிக்கும்போது தேனிக்கு வந்து சேர்ந்தது! அதுவும் எங்களைத் தொடாது. தேனிக்குத் தெற்கே கம்பம் பள்ளத்தாக்குக்கு ரயில் வந்ததே கிடையாது. திண்டுக்கல்லிலிருந்து லோயர் கேம்ப் வரைக்கும் பாதை போடுங்கள் என்று மனு கொடுத்துக் கொடுத்தே பெரியவர்கள் பல பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஆனால் கடைக்குப் போக முடியாததைப் பெரிய கஷ்டம் என்று நான் சொல்லமாட்டேன். சின்ன வயதில் தீபாவளித் துணிக்குத் தேனிக்குப் போவோம், 20 கிலோமீட்டர் சொச்சம். மதுரை விளக்குத்தூணுக்குப் போகிறோம் என்றால் வீட்டில் யாருக்கோ கல்யாணம் என்று அர்த்தம். இப்போது அமேசானும் ஃபிளிப்கார்ட்டும் எங்க தெருவுக்கே வருகின்றன. டெலிவரி கொடுக்க வரும் அண்ணன் "தம்பி, ஊருக்கு வந்துட்டியா?" என்று விசாரித்துவிட்டுத்தான் பார்சலைத் தருவார். செருப்பு, சார்ஜர், புத்தகம் எல்லாம் சென்னைக்காரனுக்கு இரண்டு நாள் என்றால் எங்களுக்கு நான்கு நாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று, நாங்களே ஒரு டவுன். நம்ப மாட்டீர்கள்! எங்க ஊரிலிருந்துதான் மேகமலைக்கு ரோடு ஏறுகிறது. ஹைவேவிஸ், மணலாறு, மகாராஜமெட்டு, இரவங்கலாறு என்று மேலே போகப் போக தேயிலை எஸ்டேட்கள். டூர் வருகிறவர்கள் 18 கொண்டை ஊசி வளைவுகளையும் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அங்கே கொழுந்து பறிக்கிற குடும்பங்களுக்கு ஒரு சேலை வாங்க, பல்லு பிடுங்க, பையனைக் காலேஜில் சேர்க்க எல்லாத்துக்கும் சின்னமனூர்தான் 'சிட்டி'. ஒரு நாளைக்கு ஏதோ சில பஸ். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவித்த காடு அது. இருட்டின பிறகு சோதனைச்சாவடியில் வண்டியை விடமாட்டார்கள். என்னைப் பார்த்து "பாவம்டா நீ" என்கிற நண்பர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். தூரத்திலும் மாடி மாடியாக இருக்கிறது. நாங்கள் கீழ்த்தளம்.

பள்ளத்தாக்கிலிருந்து வெளியே போவதற்கு மட்டும் எதற்குமே தூரம் தெரிவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? 1895-ல் பெரியாறு அணை கட்டி, மேற்கே போய்க்கொண்டிருந்த தண்ணீரை மலையைக் குடைந்து இங்கிட்டுத் திருப்பிவிட்டார் பென்னி குயிக். எங்கள் பக்கத்து டீக்கடைகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படமும் இருக்கும். அந்தத் தண்ணீர் எங்களை நனைத்துவிட்டு வைகை அணைக்குப் போய், மேலூர் வரை பாய்கிறது. போடியில் ஏலம் போகிற ஏலக்காய் எங்கெங்கோ போகிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தாயிற்று. பண்ணைப்புரத்து இளையராஜாவும் அல்லிநகரத்து பாரதிராஜாவும் வண்டியேறிப் போனதால்தான் உங்களுக்குப் பாட்டும் படமும் கிடைத்தது.

எங்க அப்பாவின் வாழைத்தாரும் அப்படித்தான். ராத்திரி லாரி ஏறினால் காலையில் எங்கேயோ பழக்கடையில் தொங்கும். தோட்டத்தில் கிலோ 12 ரூபாய்க்கு வெட்டிக்கொண்டு போன ஜி9 காயைத் தாம்பரத்தில் 60 ரூபாய்க்கு நானே வாங்கித் தின்றிருக்கிறேன். இடையில் இருக்கிற 48 ரூபாய்தான் நான் கண்ட உண்மையான தூரம். காய் பழுத்துவிடும் என்பது வியாபாரிக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். பேரம் எங்கே முடியும் என்று நீங்களே சொல்லுங்க.

சரி, இதை எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஆடியில் எப்போதும்போல் காற்று பேய் மாதிரி அடித்தது. பள்ளத்தாக்கில் ஆடிக்காற்று என்றால் வாழைக்காரர்கள் தூங்கமாட்டார்கள். அப்பா பகல் முழுக்க மரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்திருக்கிறார். ராத்திரி பதினொரு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வேர்த்து ஊற்றுகிறது. ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, "இங்க வச்சுப் பாக்க முடியாது, மதுரைக்குக் கொண்டுபோயிருங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வழியில் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறதே என்று சொந்தக்காரர்கள் அப்புறம் கேட்டார்கள். சீட்டில் மதுரை என்று எழுதியிருந்தது, அம்மா மதுரைக்குப் போனாள். அந்த நேரத்தில் யார் வரைபடம் பார்ப்பார்கள்?

நான் அப்போது சென்னையில். அம்மா போனில் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே வந்தாள். "வீரபாண்டி தாண்டிட்டோம்." "ஆண்டிபட்டி வந்துருச்சு." கணவாயில் சிக்னல் போய்விட்டது. உசிலம்பட்டி வரும்வரை நான் ஹாஸ்டல் மொட்டைமாடியில் நடந்துகொண்டே இருந்தேன்.

இருதயத்துக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால், எவ்வளவு சீக்கிரம் திறக்கிறார்களோ அவ்வளவு தசை பிழைக்கும். முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான் முக்கியம். அப்பாவுக்கு அது முழுக்க ரோட்டிலேயே போய்விட்டது. ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்துவிட்டார். ஆனால் இருதயம் பழையபடி அடிக்கவில்லை. டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர், "பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கிற மாதிரி வீடு பாத்துக்குங்க" என்றார், ஏதோ உப்பைக் குறைக்கச் சொல்வது மாதிரி.

அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு. மதுரையில் இருக்கிற பெரியப்பா தோட்டத்தை விற்கச் சொல்கிறார். ஒன்றரை ஏக்கர் வாழை, முக்கால் ஏக்கர் வயல். விற்றால் மதுரையில் சின்னதாக ஒரு வீடு வாங்கலாம். "தம்பி உசுரை விடவா தோட்டம் பெருசு?" என்கிறார். அவர் சொல்வது தப்பில்லை. அப்பாவோ, "மதுரையில போயி நான் என்னத்தண்ணே செய்ய? பால்கனில உக்காந்து பஸ்ஸை எண்ணவா?" என்கிறார். அவர் சொல்வதும் தப்பில்லை.

கிராமம் என்றாலே சுத்தமான காற்று, வெள்ளந்தி மனிதர்கள் என்று உருகி எழுதுகிறவர்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. மால் இல்லையா என்று பாவப்படுகிறவர்களைப் பார்த்தாலும் அப்படித்தான். ரெண்டு பேருமே தப்பான பொருளை எடை போடுகிறார்கள். சாமான் எப்படியும் வந்துவிடும். பிரஷர் மாத்திரைகூட வருகிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் எங்க தெருவில் ஒரு பாட்டிக்கு வீட்டிலேயே கொண்டுவந்து கொடுக்கிறார்கள், நல்ல விஷயம். அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்ப முடியாதது ஒன்றுதான். ராத்திரி பதினொரு மணிக்கு விழித்திருக்கிற ஒரு இருதய டாக்டரும், அவர் கை வைக்க ஒரு மிஷினும். அதற்கு மட்டும் நாம்தான் போகணும், கணவாய் தாண்டி.

அப்பா ஊரை விட்டு வரணுமா, டாக்டர் ஊருக்கு வரணுமா என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அது என்றைக்கு நடக்கும் என்று பெரியப்பா திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ரயிலுக்கே பன்னிரண்டு வருஷம் ஆன பக்கம் இது.

இப்போதைக்கு அம்மா ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறாள். ஸ்கேன், ஈசிஜி, டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டு வாசல் ஆணியில் தொங்குகிறது. பக்கத்தில் காலண்டர் அட்டையில் 108, அதற்குக் கீழே ராத்திரி கூப்பிட்டால் எடுக்கிற மூன்று கார் டிரைவர்களின் நம்பர். தினமும் படுக்கப் போகும்போது போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறாள்.

வழக்கமாக ஜூன் முதல் தேதி பெரியாற்றுத் தண்ணீர் திறப்பார்கள். பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் அதை நம்பித்தான் இருக்கிறது, எங்க முக்கால் ஏக்கரும் சேர்த்து. அதற்குள் ஒரு முடிவு சொல்லச் சொல்லியிருக்கிறார் பெரியப்பா. நேற்று போன் பண்ணும்போது அப்பாவிடம் என்ன முடிவு பண்ணியிருக்கீங்க என்று கேட்டேன். இந்தத் தடவை எந்த நெல் ரகம் பாவலாம் என்று என்னிடம் யோசனை கேட்கிறார்.