ஒளி மிகுதியும் ஒரு முதியவரும்

நாற்பதைத் தாண்டிய பின்னர் இரவுச் சாலை எமக்குச் சற்றே அந்நியமாகிவிட்டது. மாலை வகுப்பு முடித்து, உப்பளங்களை ஒட்டிய சாலையில் எம் 100 சி.சி. வண்டியில் வீடு திரும்புகையில், குழி எது, நிழல் எது என்று பிரித்தறிய இயலவில்லை. மனைவி பின்னே அமர்ந்திருக்கும் நாள்களில் அச்சம் இரு மடங்காகும். ஆகவே முகப்பு விளக்கின் பல்பை மாற்றத் துணிந்தோம்.

வண்டியில் இருந்தது 35 வாட் ஹாலஜன் பல்பு. உதிரிபாகக் கடையொன்றில் 100/90 வாட் பல்பைக் காட்டினர். வாட் கூடினால் வெளிச்சமும் கூடும் என்று நம்பியது எம் பேதைமை. இரண்டின் அடித்தட்டுகளும் பார்வைக்கு ஒன்றுபோலிருப்பினும், அவற்றின் காதுகள் வேறு வேறு அமைப்பின. கடைப் பையன் காதுகளை அரத்தால் ராவி, பல்பை உள்ளே பொருத்திவிட்டான். யாமும் மகிழ்வோடு பணம் கொடுத்தோம்.

மூன்றாம் நாள் இரவு, இஷாத் தொழுகை முடித்து மிதிவண்டியில் எதிரே வந்த முதியவர் ஒருவர், யாம் நெருங்கிய கணத்தில் தடுமாறி, சாலையை விட்டிறங்கி வாய்க்காலோரம் விழுந்தார். ஓடிச் சென்று தூக்கினோம். முழங்காலில் குருதி. அவர் எம் வாப்பாவின் தோழர். "யாரு, வாத்தியார் தம்பியா? வெளக்கு மூஞ்சியிலே அடிச்சுது, ஒண்ணும் தெரியலெ" என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் எமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். டிம்மில்தான் வந்தோம் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டோம். கண் கூசுவதற்கும் மனம் கூசுவதற்கும் தமிழில் வினை ஒன்றே என்று பல ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வந்திருக்கிறோம்.

மறுநாள், பழுதுபார்க்கும் கடை நடத்தும் எம் பழைய மாணவரிடம் சென்றோம். தமிழ்ப் பாடத்தை மூன்று முறை எழுதித் தேறியவர். மின்சாரத்தில் எமக்கு ஆசிரியர். பல்பைக் கழற்றியதும் கருகிய பிளாஸ்டிக் நாற்றம் எழுந்தது. ஹோல்டர் உருகத் தொடங்கியிருந்தது. "சார், 35 வாட்டுக்கு மூணு ஆம்பியர்கூட ஓடாது, 90 வாட் முழுசா எரிய ஏழரை வேணும். இந்த ஒயரும் சுவிட்சும் அதைத் தாங்குமா?" என்றார். மேலும், எம் வண்டியில் முகப்பு விளக்கு பேட்டரியிலிருந்து எரிவதன்று. இன்ஜினோடு சுழலும் மின்னாக்கியிலிருந்து நேரே எரிவது. அது தருவது ஓரளவே. பெரும்பல்பு வோல்ட்டை இறக்கிவிடுமாதலால், வண்டி மெதுவாகச் செல்கையில் ஒளி மஞ்சளாக மங்கும். முதியவர் விழுந்ததற்குக் காரணம் ராவிய காதுகள். இழை நிற்க வேண்டிய புள்ளியைக் கணக்கிட்டே ரிப்ளெக்டர் வளைக்கப்பட்டுள்ளது. இழை சிறிது விலகினும் டிம் ஒளி மேல்நோக்கிச் சிதறிவிடும்.

பிறகு மீட்டர் வைத்து அளந்தார். சுவிட்சின் உள்ளே களிம்பு. எர்த் ஒயரில் துரு. கடற்கரை ஊர் அல்லவா! வழியில் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடுமாம். கடையில் யாம் தேடிய வெளிச்சம் எம் வண்டியின் துருவில் கிடந்திருக்கிறது. சுவிட்சைத் துடைத்து, எர்த்தைப் புதுப்பித்து, மங்கிய ரிப்ளெக்டரை மாற்றி, அதே 35 வாட்டில் தரமான பல்பைப் பொருத்தினார். கண்ணாடியை எம்மைத் தொடவிடவில்லை. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் மிகச் சூடேறிப் பல்பு விரைவில் கெடுமாம். பேட்டரியில் விளக்கெரியும் வண்டியாயின், மின்னாக்கி தாங்குமெனில், பியூசுடன் தனி ஒயரும் ரிலேயும் வைத்து 60/55 வாட் பல்பை அதற்குரிய ஹோல்டரில் போடலாம் என்றார். எல்.இ.டி. குறித்தும் வினவினோம். ஹாலஜனுக்கு வளைத்த ரிப்ளெக்டரில் கண்டதைச் செருகினால் பழைய கதைதான் என்று முடித்துவிட்டார்.

சமதரையில், சுவருக்கு 25 அடி எதிரே வண்டியை நிறுத்தி எம்மை அமரச் செய்து, டிம் ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் நடுமட்டத்துக்குச் சற்றுக் கீழே விழுமாறு திருகினார். பின்னே ஆள் அமர்ந்தால் வண்டியின் பின்புறம் தாழ்ந்து ஒளி மேலேறும் என்றும் எச்சரித்தார்.

அன்றிரவு மனைவியைப் பின்னே அமர்த்தி, முதியவர் வீட்டுத் தெருவுக்குச் சென்றோம். கட்டுப்போட்ட காலுடன் திண்ணையில் அமர்ந்திருந்தார். சலாம் சொல்லி, "மாமா, வெளிச்சத்தைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்றோம். தெருக்கோடிக்குப் போய்த் திரும்பி, டிம்மில் மெல்ல அவரை நோக்கி வந்தோம். அவர் கையை நெற்றிக்கு உயர்த்தி, பின் தாழ்த்தினார்.

"இன்னும் கொஞ்சம் எறக்கலாம் தம்பி."

இறக்கினோம்.