மீன்வால் பலகையும் கிழக்குக் கடலும்

அலைச்சறுக்குப் பலகைகளில் ‘பிஷ்’ என்றொரு வகை உண்டு. குட்டையானது, அகன்றது, ஏறத்தாழத் தட்டையானது. பின்புறம் மீனின் வாலைப் போல இரண்டாகப் பிளந்திருக்கும். அடியில், வாலின் இரு பக்கமும் இரண்டே செட்டைகள். கப்பலின் அடிமரமான ஏராவைப் போல உயரம் குறைந்து நீளம் கூடியவை. ஐம்பது வயதைக் கடந்த நான் அலையேறுவது இந்தப் பலகையில்தான்.

இதன் பிறப்பிடம் கலிபோர்னியாவின் சான் டியேகோ. 1967இல் ஸ்டீவ் லிஸ் என்ற இளைஞர், முழங்காலிட்டு அலையில் செல்வதற்கென இதனை வடிவமைத்தார். நின்று செல்வோரும் விரைவில் கைக்கொண்டனர். 1972இல் அந்நகரில் நடைபெற்ற உலகப் போட்டியில் முதலிரு இடங்களைப் பெற்ற ஜிம் பிளியர்ஸ், டேவிட் நுயிவா ஆகிய இருவரும் ஏறியது இவ்வகைப் பலகையிலேயே. பின்னர் 1981இல் அவுஸ்திரேலியரான சைமன் அண்டர்சன் மூன்று செட்டைப் பலகையுடன் பெல்ஸ் பீச் போட்டியில் வென்றார். அதன்பின் அதுவே போட்டியாளர்களின் பலகையாயிற்று. ‘பிஷ்’ ஒதுங்கியது, ஆனால் மறையவில்லை.

காரணம் எளிது. போட்டிக்கு வேண்டியவை நடுவர் காணும் திருப்பங்கள். மூன்று செட்டைப் பலகையைக் காலால் உந்தி உந்தியே விரைவுபடுத்த வேண்டும். மீன்வால் பலகையோ தன் அகன்ற அடிப்பாகத்தினால் மெலிந்த அலையிலும் வழுக்கி ஓடும். நீண்ட செட்டைகள் அதனை நேராகப் பிடித்துச் செல்லும். அவசரமாக வளைத்தால் இணங்காது. உடலைச் சற்றே சாய்த்துப் பொறுத்திருந்தால் பெரிய வளைவாகத் திரும்பும். முப்பது ஆண்டுகள் செய்தி அறையில் கடிகாரத்தோடு மல்லுக்கட்டிய எனக்கு, பொறுத்திருப்பவனுக்கே வேகம் கிடைக்கும் என்பது புதிய பாடம்.

எங்கள் அறுகங்குடா இதற்கு வாய்ப்பான இடம். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் தெற்கிலிருந்து வரும் அலை, முனையைச் சுற்றி நெடுந்தூரம் உடைந்துகொண்டே செல்லும். பேரலைகளை இளைஞர்களுக்கு விட்டுவிடுவேன். இடுப்பளவு அலை எனக்குப் போதும்.

இதே கரைக்கு 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின் பின் குறிப்பேட்டுடன் வந்திருக்கிறேன். அன்று நான் எழுதியவை பெயர்களும் எண்ணிக்கைகளும். அதன்பின் பல ஆண்டுகள் கடலில் கால் நனைக்க மனம் ஒப்பவில்லை. பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர்களின் வாசலில் வந்து விளையாடுவதா என்ற கேள்வி இன்றும் முற்றாக நீங்கவில்லை.

ஒருமுறை அங்குள்ள மூத்த மீனவர் ஒருவரிடம் இதனைக் கேட்டேன். அவரும் இழந்தவர்தான். “கடலோட கோவிச்சுக்கொண்டு நாங்க எங்க தம்பி போற?” என்றார். சொல்லிவிட்டுத் தோணியைத் தள்ளப் போய்விட்டார்.

பலகை தானாக ஓடத் தொடங்கும் அந்தச் சில விநாடிகளில் கடல் என்னைத் தாங்குகிறது. அது செய்ததை மறக்கவில்லை. இந்தத் தாங்குதலையும் மறுக்க முடியவில்லை. வரும் பருவத்திற்கும் பலகையைத் துடைத்து வைத்திருக்கிறேன்.