அக்கா வைத்த பிச்சி

எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு சென்ட்கூட இராது. அதில் மல்லிகை, அரளி, பிச்சி. பிச்சிக் கொடியை நட்டவள் என் அக்கா. நான் கல்லூரிக்குச் செல்ல வேண்டுமென்று பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் தறிக்குப் போனவள். இன்று மும்பையில் வாழ்கிறாள்.

கொடி பூத்ததும், நண்பகலில் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினேன். "ஏலே, இது பூவா, சுண்ணாம்புப் பொட்டா?" என்று கேட்டாள். உச்சி வெயிலில் வெண்மை மிகுந்து, மொட்டின் முதுகில் ஓடும் இளஞ்சிவப்பு அழிந்துவிட்டது. இயற்பியல் மாணவனாகிய எனக்கு அது பிறகே உறைத்தது.

மறுநாள் விடியற்காலை, சங்கரன்கோவில் பூச்சந்தைக்கு மூட்டைகள் போகும் வேளையில், வெளிச்ச அளவைக் குறைத்து எடுத்தேன். சிவப்பு தெரிந்தது. மொட்டுப் பறித்த அம்மாவின் கையும் ஓரத்தில் விழுந்திருந்தது. அதை வெட்டிவிட நினைத்தவன், மறந்து அப்படியே அனுப்பிவிட்டேன்.

அக்கா பூவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அம்மா கை ஏம்ல இப்படி மெலிஞ்சு போச்சு?" என்று மட்டும் கேட்டாள். தினமும் அந்தக் கையால் சோறு வாங்கி உண்ணும் என் கண்ணில் படாதது, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பவள் கண்ணில் பட்டுவிட்டது. ஆடித்தபசுக்கு வருகிறாளாம், அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போகவும்தான்.

ஒளியைப் பற்றி நான் கல்லூரியில் படிக்கிறேன். பார்ப்பதை இனி அக்காவிடம்தான் படிக்க வேண்டும்.

— இரண்டாமாண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)