கிணற்றுக் கப்பியும் படகின் சுக்கானும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். 1999-2000இல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்கள் அவசியம் படிக்கவும். உங்களோடு படித்த ஒருவனைப் பற்றியது. பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டான். யாரென்று தெரிந்தாலும் கமெண்டில் போட வேண்டாம்.

ஆனித் தேருக்கு ஊருக்கு வந்தவன், மறுநாள் காலையில் தச்சநல்லூரில் நம் வீட்டுக்கு வந்தான். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்து, எங்கெங்கோ சுற்றி, இப்போது கோவாவில் பாய்மரப் படகுகளைப் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் இருக்கிறான். எனக்குக் கடல் என்றால் திருச்செந்தூரில் முழங்கால் வரை இறங்கியதுதான். “பாய்மரப் படகுல பழுதாக என்னல இருக்கு? பாயும் மரமும்தானே?” என்றேன். சிரித்துவிட்டு செல்போனில் ஒரு வீடியோ காட்டினான்.

ஒரு படகுக்காரர், வீல் கனமாக இருக்கிறது என்று புகார் சொல்லியிருக்கிறார். கார் ஸ்டீயரிங் போலப் படகின் பின்பக்கம் ஒரு பெரிய சக்கரம். அதைத் திருப்பினால் தண்ணீருக்குள் இருக்கும் சுக்கான் திரும்ப வேண்டும். இடையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். டீப்பாயில் கிடந்த பேப்பரின் ஓரத்திலேயே படம் போட்டான். சக்கரத்தின் அச்சில் ஒரு பல்சக்கரம், அதன் மேல் சைக்கிள் செயின் மாதிரி ஒரு துண்டு. செயினின் இரண்டு முனையிலும் ஸ்டீல் கம்பிவடம். அந்த வடங்கள் கீழே இறங்கி, கப்பிகளில் வளைந்து வளைந்து போய், சுக்கானின் தண்டில் பிடித்திருக்கும் கால்வட்டத் தட்டில் முடிகின்றன. வீலை வலப்பக்கம் திருப்பினால் ஒரு வடம் இழுக்கும், மற்றது விட்டுக்கொடுக்கும். அவ்வளவுதான்.

“அப்பம் கோளாறு எங்கேன்னு எப்படிக் கண்டுபிடிப்பே?”

“பாதியா வெட்டிப் பாக்கணும் சார். வடத்தைத் தட்டுலேர்ந்து கழட்டிட்டு, சுக்கானை மட்டும் கையால திருப்பிப் பாக்கணும். அதுவே கனமா இருந்தா கோளாறு கீழே. லேசா இருந்தா மேலே.”

கீழே என்றால் பெரும்பாலும் சுக்கான் தண்டைச் சுற்றியுள்ள புஷ். நைலான் புஷ்ஷாக இருந்தால் தண்ணீரைக் குடித்து ஊதி, தண்டை இறுகப் பிடித்துக்கொள்ளுமாம். மழைக்காலத்தில் நம் வீட்டு மரக்கதவு ஊதி நிலையில் சிக்கிக்கொள்கிறதே, அதே கதை.

இந்தப் படகில் சுக்கான் இரண்டு விரலால் தள்ளினாலே போனது. ஆனால் அதைப் பார்ப்பதற்குள் இன்னொரு சங்கதி வெளிப்பட்டது. வடம் அறுந்தால் ஆபத்துக்கு உதவ, சுக்கான் தண்டின் தலையில் மேல்தளத்திலிருந்தே மாட்டுகிற ஓர் இரும்புக் கைப்பிடி இப்படிப்பட்ட படகுகளில் பொதுவாக உண்டு. இங்கே அதை மாட்டித் திருப்பினால் வீலின் மேலேயே போய் இடிக்கிறது. வீலைக் கழற்றினால்தான் சுற்ற முடியும். வாங்கியதிலிருந்து படகுக்காரர் ஒரு தடவைகூட அதை மாட்டிப் பார்த்ததில்லை. பெட்டிக்குள் எண்ணெய்த் தாளைக்கூடப் பிரிக்காமல் கிடந்ததாம்.

சரி, கோளாறு மேலே. வடத்தைத் திரும்ப மாட்டிவிட்டு, ஒருவரை வீலைத் திருப்பச் சொல்லி, இவன் டார்ச்சோடு உள்ளே படுத்துக்கொண்டு பார்த்திருக்கிறான். அதுதான் அந்த வீடியோ. நான்கு கப்பியில் மூன்று சுற்றுகின்றன. நான்காவது சும்மா நிற்கிறது. உப்பு பிடித்து அச்சோடு இறுகிவிட்டது. வடம் அதன் மேல் தேய்ந்துகொண்டே போய் வருகிறது. அடியில் கறுப்பாகப் பொடி கொட்டிக் கிடந்தது. “பொடி இருக்கு பாத்தியளா? அந்தப் பொடிதான் சார் சாட்சி” என்றான்.

பிறகு ஒரு டிஷ்யூ பேப்பரை வடத்தைச் சுற்றிப் பிடித்து மெதுவாக உருவிக் காட்டினான். இரண்டு இடத்தில் பேப்பர் சிக்கிக் கிழிந்தது. உள்ளே மெல்லிய கம்பி இழைகள் அறுந்து முள்ளாக நிற்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, வெறுங்கையால் தடவினால் குத்திவிடும். இதில் வேதனை என்னவென்றால், இதற்கு முன்னால் பார்த்த ஒருவர், வடம் தொய்வாக இருக்கிறது என்று நன்றாக முறுக்கி இறுக்கிவிட்டுப் போயிருக்கிறார். இறுக்க இறுக்கக் கப்பியின் மேல் அழுத்தம் கூடும், தேய்மானமும் கூடும்.

“சார், வடம் ஒரு கப்பியில 90 டிகிரி வளைஞ்சு போனா, 40 கிலோ இழுவைக்கு அந்தக் கப்பியைப் பிடிச்சிருக்கிற போல்ட்டுக்கு 56 கிலோவுக்கு மேல வரும், இல்லையா?” என்று கேட்டான். மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரிதான். கிணற்றுக் கப்பியைத் தாங்கும் கட்டைக்கு வாளியைப் போல இரண்டு மடங்கு வருவதும் இதனால்தான். இதை நான் வகுப்பில் சொன்னதே இல்லை.

அப்புறம்தான் அவன் அதைக் கேட்டான். “அரையாண்டுப் பரீட்சை ஞாபகம் இருக்கா சார்?”

எனக்கு இல்லை. அவனுக்கு இருந்தது. நிலையான கப்பியில் 10 கிலோ பளுவைத் தூக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது கேள்வி. பளுவுக்குச் சமமான விசை, திசை மட்டும் மாறும் என்பது நான் எழுதிப்போட்ட விடை. அவன், “10 கிலோவுக்கு மேல் வேண்டும். கப்பிக்கு எண்ணெய் விடாவிட்டால் இன்னும் அதிகம் வேண்டும்” என்று எழுதியிருக்கிறான். அவன் வீட்டில் தினமும் கிணற்றில் இறைத்தது அவன்தான். நான் சிவப்பு மையில் பெருக்கல் போட்டு, எழுந்து நின்று விடையைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேனாம். வகுப்பே சிரித்ததாம். “நீங்களும் சிரிச்சீங்க சார்.”

கோபமாகச் சொல்லவில்லை. காபியை ஆற்றிக்கொண்டே சொன்னான். எனக்குத்தான் தொண்டை அடைத்தது. உராய்வு இல்லை என்று வைத்துக்கொண்டால்தான் புத்தக விடை சரி, உன் வீட்டுக் கப்பியில் நீ சொல்வதுதான் நடக்கும் என்று இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அதற்கு எனக்கு அன்று நேரமில்லை. அவன் விடை சரி. இதை எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுத வேண்டும் என்றுதான் இந்தப் பதிவு. அன்று சிரித்தவர்களும் இதைப் படிப்பீர்கள்.

அந்தக் கப்பி என்னவெல்லாம் செய்யும் என்று அவன் சொன்ன பிறகு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. 2017 செப்டம்பர் 10இல் நம் கடற்படையின் ஆறு பெண் அதிகாரிகள் ‘தாரிணி’ என்ற 56 அடிப் பாய்மரப் படகில் கோவாவிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். தலைவி வர்த்திகா ஜோஷி. அப்போது செய்தியை வெட்டிப் பள்ளிப் பலகையில் ஒட்டினேன். 2018 மே 21இல் திரும்பியதையும் ஒட்டினேன். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்து, கேப் டவுன் என்று நான்கு இடங்களில்தான் நிற்பதாகத் திட்டம். ஐந்தாவதாக ஏப்ரலில் மொரீஷியஸின் போர்ட் லூயிக்குள் நுழைய வேண்டியிருந்தது. காரணம், ஸ்டீயரிங் கோளாறு. அந்த ஒரு வரியை அன்று நான் படித்துவிட்டுத் தாண்டிப் போனேன். கேப் ஹார்னைச் சுற்றி வந்தவர்களை வீடு நெருங்கும் நேரத்தில் நிறுத்தியது அதுதான்.

“2024இல நம்ம தேர் வடம் அறுந்துச்சே சார். தேர் நின்ன இடத்துல நின்னுச்சு. சுக்கான் இல்லாத படகு நிக்காது. அலைக்குப் பக்கவாட்டுல திரும்பிரும்” என்றான்.

போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். இரண்டு வடமும் புதிது, நான்கு கப்பியும் புதிது. ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா என்று படகுக்காரர் கேட்டாராம், இவன் ஒத்துக்கொள்ளவில்லை. கடலுக்குள் கொண்டுபோய், வடம் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, வீலைக் கழற்றி அந்த இரும்புக் கைப்பிடியை மாட்டச் சொல்லியிருக்கிறான். முதல் தடவை படகுக்காரருக்குப் பதினோரு நிமிடம் ஆனதாம். ஸ்பானர் எங்கே இருக்கிறது என்று தேடியதிலேயே பாதி நேரம் போய்விட்டது. இப்போது அந்த ஸ்பானரை வீலுக்குக் கீழேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். மூன்றாம் தடவை நான்கு நிமிடம்.