காருக்குள்ளிருந்து வெளியே வரும் கியர்பாக்ஸ்

பெரும்பாலான கார்களில் கியர்பாக்ஸைக் கழற்ற மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் அவர் வண்டிக்குள் ஏறி உட்கார வேண்டும். முன் சீட்டுகளை எடுத்து, தரைவிரிப்பைச் சுருட்டி, நடுவில் மேடுபோல் இருக்கும் மூடியின் திருகுகளைக் கழற்றினால் கியர்பாக்ஸ் கண்முன் தெரியும். அதை இன்ஜினிலிருந்து பிரித்துப் பின்னால் இழுத்து, கதவு வழியாகத் தூக்கி வெளியே வைக்கலாம். இந்த வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்க வேண்டும் என்பதற்காகவே வட சென்னையில் உள்ள ஒரு ஷெட்டுக்குப் போயிருந்தேன்.

ஹெரால்ட் ஒருவகையில் நம்ம ஊர்க் கார். பிரிட்டனில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்ட் என்ற பெயரில் வந்தது. அதன் உருவத்தை வரைந்தவர் ஜோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். வண்டலூர்ப் பக்கம் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961 முதல் அதை இங்கே தயாரித்தது. கல்கத்தாவுக்கு அம்பாசடர், பம்பாய்க்கு ஃபியட் என்றால், மெட்ராஸுக்கு ஹெரால்ட்.

கியர்பாக்ஸ் உள்ளே இருந்து வருவதற்குப் பின்னால் ஒரு வியாபாரக் கதையும் உண்டு. 1953-இல் ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற பாடி கட்டும் கம்பெனியை, போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே கூடாகக் கட்டித் தர, டிரையம்ப் கார்களைத் தயாரித்த பிரிட்டனின் ஸ்டாண்டர்டுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. அதனால் தனி சேஸிஸ் போட்டு, அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கும் வழியை எடுத்தார்கள். கியர்பாக்ஸ் மேலுள்ள மூடியும் அப்படிக் கழலும் ஒரு துண்டுதான். பானெட் முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். அன்று நெருக்கடியில் எடுத்த அந்த முடிவு, அறுபது ஆண்டுகள் கழித்தும் இந்தக் காரைக் கழற்றிப் பூட்டுகிறவருக்கு உதவிக்கொண்டிருக்கிறது.

ஷெட்டை நடத்துகிற மேஸ்திரிக்கு அறுபதைத் தாண்டிய வயது. பதினான்கு வயதில் ஸ்பேனர் பிடித்தவர். அவரிடம் இரண்டு பையன்கள் வேலை செய்கிறார்கள். ஒருவன் ஐ.டி.ஐ. முடித்தவன், இன்னொருவன் நேராகத் தொழிலுக்கு வந்தவன். வந்திருந்த வண்டி 1960-களின் முதல் பாதியில் வந்த இரண்டு கதவு ஹெரால்ட். 948 சி.சி. இன்ஜின், நாலு கியர். மேட்டில் ஏறும்போது இன்ஜின் அலறுகிறது, வண்டி நகர மறுக்கிறது என்பது உரிமையாளரின் புகார்.

மேஸ்திரி ஸ்பேனரை எடுக்கவில்லை. வண்டியில் உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், டாப் கியரைப் போட்டார், லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்துக் கிளட்ச்சை விட்டார். இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். அது ஓடிக்கொண்டே இருந்தது. "கிளட்ச் ஸ்லிப் ஆவுது சார்" என்றார். பிறகு நியூட்ரலில் வைத்து, மிதியை விட்டும் அழுத்தியும் காதைக் கொடுத்துக் கேட்டார். மிதியை விட்டிருக்கும்போது மெல்லிய அரைப்புச் சத்தம் கேட்டது. மிதியை அழுத்தியதும் நின்றுபோனது. அழுத்தும்போது சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். அழுத்தும்போது நின்றால் கோளாறு கியர்பாக்ஸுக்குள் இருக்கிறது. கிளட்ச்சை மட்டும் மாற்றிவிட்டு மூடக் கூடாது என்பது ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் முடிவாயிற்று.

பேட்டரி ஒயரைக் கழற்றுவதுதான் முதல் வேலை. அதன்பின் சீட்டுகளும் டேஷ்போர்டைத் தாங்கும் சட்டமும் வெளியே வந்தன. நடு மூடி முதலில் அட்டையாக இருந்து கிழிந்துபோய், பிறகு யாரோ ஃபைபர் கிளாஸில் செய்து போட்டிருந்தார்கள். புரொப்பெல்லர் ஷாஃப்டை இணைக்கும் நாலு போல்ட்டைக் கழற்றும் முன்பு, இரண்டு ஃபிளாஞ்சுக்கும் சேர்த்து உளியால் ஒரு கோடு போட்டான் ஐ.டி.ஐ. பையன். திரும்பப் பூட்டும்போது அதே இடத்தில் உட்கார வேண்டும், இல்லையென்றால் வேகத்தில் அதிர்வு வரும். ஸ்பீடாமீட்டர் கேபிள், கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர், ஸ்டார்ட்டர் மோட்டார் என்று ஒவ்வொன்றாக விடுவித்தார்கள். கியர் லீவர் இருந்த வாயை உடனே துணி வைத்து அடைத்தார்கள். உள்ளே ஒரு நட் விழுந்தால் பற்சக்கரங்கள் போய்விடும். இன்ஜின் பின்பக்கம் சாயாமல் இருக்க ஆயில் சம்ப்புக்கு அடியில் கட்டை வைத்து ஜாக் கொடுத்தார்கள்.

பெல் ஹவுசிங் போல்ட்டுகள் கழன்றபின் மேஸ்திரி உள்ளே ஏறி, கியர்பாக்ஸை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார். "டேய், நேரா இழு. தொங்க வுடாத." இந்த ஒரு எச்சரிக்கையை அன்று அவர் பலமுறை சொன்னார். கியர்பாக்ஸின் முன்னால் நீண்டிருக்கும் ஷாஃப்ட், கிளட்ச் பிளேட்டின் நடுத்துளைக்குள் பல்லோடு பல்லாகப் பொருந்தியிருக்கிறது. கியர்பாக்ஸின் மொத்த எடையும் அந்த ஷாஃப்ட்டில் தொங்கினால் பிளேட் கோணிவிடும். கோணிய பிளேட் பார்வைக்கு நன்றாகத்தான் தெரியும். மாட்டி ஓட்டினால் கிளட்ச் விடும்போதெல்லாம் வண்டி உதறும்.

கிளட்ச் செய்யும் வேலை எளிமையானது. இன்ஜினோடு சுழல்கிறது பிளைவீல். அதன்மேல் போல்ட் போட்டு இறுக்கிய பிரஷர் பிளேட், தன் ஸ்பிரிங் பலத்தால் நடுவிலுள்ள கிளட்ச் பிளேட்டைப் பிளைவீலோடு அழுத்திப் பிடிக்கிறது. அந்தப் பிடிதான் சக்கரத்துக்குப் போகும் சக்தி. மிதியை அழுத்தினால் பிடி தளர்கிறது, கியர் மாற்ற இடம் கிடைக்கிறது. ஆறேகால் அங்குல விட்டமுள்ள ஒரு தட்டு இந்தக் காரின் முழுச் சுமையையும் உராய்வால் மட்டுமே இழுக்கிறது. அதில் ஆயில் பட்டால் எல்லாம் முடிந்தது.

இங்கே நடந்ததும் அதுதான். கழற்றிய பிளேட்டின் லைனிங் கறுத்து, ரிவெட் தலைகள் மேலே தெரிய, எண்ணெய் பளபளத்தது. லைனிங் தேய்ந்தபின் ரிவெட்டுகள் பிளைவீல் முகத்தில் வட்டக் கோடுகளைக் கீறியிருந்தன. இன்ஜினின் பின்பக்கத்திலிருந்து கசிவு. புதுப் பிளேட் வாங்கிப் போடுவது சுலபம். கசிவை அடைக்காமல் போட்டால் சில மாதங்களில் இதே வேலை திரும்ப வரும். மேஸ்திரி பிளேட்டை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் கசியும் இடத்தைத் தேடினார்.

பெல் ஹவுசிங்குக்குள் படிந்திருந்த கரும்பொடியை ஊத இன்னொரு பையன் ஏர் ஹோஸை எடுத்தான். மேஸ்திரி தடுத்து, ஈரத் துணியால் துடைக்கச் சொன்னார். இதை ஒவ்வொரு ஷெட்டிலும் எழுதி ஒட்ட வேண்டும். பழைய கிளட்ச், பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அதன் இழைகள் மூச்சில் போனால் பல ஆண்டுகள் கழித்து நுரையீரல் நோயாகவும் புற்றுநோயாகவும் வெளிப்படும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பழைய காரை நேசிப்பவர்கள் அதன் குரோமியத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு, அதைத் துடைக்கும் பையனின் மூச்சைப் பற்றியும் பேச வேண்டும்.

பிளைவீல் புதுப்பேட்டைக்குப் போயிற்று. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகளுக்கும் லேத் பட்டறைகளுக்கும் பேர்போன இடம் அது. லேத்காரர் பிளைவீலின் முகத்தைக் கண்ணாலும் நகத்தாலும் பார்த்தார். சூட்டில் நீலம் பாரித்த இடங்களைத் தொட்டு, வெடிப்பு உண்டா என்று தேடினார். இல்லை என்று உறுதியான பிறகே முகத்தைச் சீவத் தொடங்கினார். எவ்வளவு குறைவாக எடுக்க முடியுமோ அவ்வளவு குறைவாக எடுப்பதுதான் இதில் கைத்திறமை. எடுத்த இரும்பைத் திரும்ப வைக்க முடியாது.

இதற்கிடையில் ஷெட்டில் கியர்பாக்ஸைப் பிரித்திருந்தார்கள். இரண்டு, மூன்று, நாலாம் கியர்களுக்கு சின்க்ரோ உண்டு. பித்தளை வளையம் ஒன்று கியரின் கூம்பு முகத்தில் உரசி, இரண்டு பக்கத்தின் வேகத்தையும் சமமாக்கிய பிறகுதான் பற்கள் சேரும். முதல் கியருக்கு இந்த வசதி இல்லை. வண்டி முழுக்க நின்றபிறகு போட வேண்டும், இல்லையென்றால் டபுள் கிளட்ச் அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் காரின் முதல் கியர்ப் பற்களின் ஓரம் மழுங்கியிருந்தது. புதிய கார் ஓட்டிப் பழகியவர்கள் ஓடும் வண்டியில் முதல் கியரைத் திணித்ததன் தழும்பு அது.

அரைப்புச் சத்தத்துக்குக் காரணம் முன்பக்க பேரிங். அதோடு லே ஷாஃப்ட்டின் நீடில் ரோலர்களும் தேய்ந்திருந்தன. இவற்றைத் திரும்ப அடுக்குவதைப் பார்ப்பது தனி அனுபவம். தென்னை ஈர்க்குபோல் மெலிந்த எஃகு உருளைகள். துளையின் உட்சுவரில் கிரீஸ் தடவி, ஒவ்வொன்றாக அதில் ஒட்டவைத்துக்கொண்டே போனான் பையன். கடைசி உருளை தன் இடத்தில் அடங்கியதும் தற்காலிகமாக ஒரு கம்பியைச் செருகி, பற்சக்கரத் தொகுதியைப் பெட்டிக்குள் இறக்கினார்கள். உண்மையான ஷாஃப்ட் உள்ளே போகப் போக, அந்தக் கம்பி மறுபக்கம் வெளியே வந்தது. ஓர் உருளை நழுவினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த நேரத்தில் ஷெட்டில் யாரும் பேசவில்லை.

பூட்டும் நாள்தான் முக்கியமானது. பிளைவீல் நடுவிலிருக்கும் சிறிய வெண்கல புஷ்ஷை மாற்றினார்கள். துளைகள் நிறைந்த வெண்கலம் என்பதால் முந்தைய இரவே ஆயிலில் ஊறப் போட்டிருந்தார்கள். கிளட்ச் பிளேட்டின் நீண்ட பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் கிளட்ச் விடுபடாது. பிளேட்டைச் சரியாக நடுவில் நிறுத்த, பழைய கியர்பாக்ஸ் ஒன்றிலிருந்து வெட்டிய ஷாஃப்ட் துண்டை மேஸ்திரி வைத்திருக்கிறார். அதைச் செருகிவிட்டு பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். ஒரே பக்கமாக முடுக்கினால் மூடி கோணும்.

பிறகு கியர்பாக்ஸ். ஒருவர் உள்ளேயிருந்து தாங்க, மேஸ்திரி முன்பக்கம் குனிந்து இடைவெளியைப் பார்த்தார். டாப் கியரில் போட்டு, பின்பக்க ஃபிளாஞ்சை விரலளவு திருப்பச் சொன்னார். பற்கள் ஒன்றையொன்று கண்டுகொண்டதும் கியர்பாக்ஸ் தானாக முன்னே நகர்ந்தது. கடைசி அரை அங்குலம் நின்றது. பையன் போல்ட் போட்டு இழுக்கப் பார்த்தான். "போல்ட்டு புடிக்கத்தான், இழுக்க இல்ல" என்றார் மேஸ்திரி. பெல் ஹவுசிங்கைச் சற்று உயர்த்தி மெதுவாக அசைத்ததும் இரண்டு முகமும் ஒட்டின. அந்த இடத்தில் போல்ட்டால் இழுத்திருந்தால் புதுப் பிளேட் அன்றே கெட்டிருக்கும்.

மிச்சமிருந்தது பொறுமை வேலை. ஸ்லேவ் சிலிண்டரைப் பூட்டி, ஒருவன் மிதியை அழுத்த, இன்னொருவன் நிப்பிளைத் திறந்து குமிழி அடங்கும்வரை காற்றை வெளியேற்றினான். பிரேக் ஆயில் பெயிண்ட்டில் பட்டால் பெயிண்ட் போய்விடும் என்பதால் சுற்றிலும் ஈரத்துணி. கியர் ஆயில் வாங்கப் போனவனிடம் ஜி.எல்.4 தரம் என்று மேஸ்திரி எழுதியே கொடுத்தார். ஜி.எல்.5 தர ஆயில்களில் சிலவற்றின் வேதிச் சேர்க்கை பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். நடு மூடியைப் போடும் முன்பே இன்ஜினை ஓட்டி ரிவர்ஸ் போட்டுப் பார்த்தார். சின்க்ரோ இல்லாத ரிவர்ஸ் சத்தமின்றி விழுந்தால் கிளட்ச் முழுமையாக விடுபடுகிறது என்று பொருள். சத்தமின்றி விழுந்தது. பிறகு மேம்பாலத்தில் ஏற்றி இறக்கிக் காட்டினார். உரிமையாளருக்கு ஒரே நிபந்தனை: லைனிங் பழகும்வரை மிதிமேல் காலை வைத்துக்கொண்டு ஓட்டக் கூடாது.

மத்திய அரசு 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி ஐம்பது ஆண்டுகளைக் கடந்த கார்களை விண்டேஜ் வாகனங்களாகப் பதிவு செய்யலாம். அவற்றுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி எண் வரிசை உண்டு. வண்டியின் அசல் அமைப்பு மாறாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நல்ல விதிதான். அசல் அமைப்பைக் காப்பாற்றுவது யார் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. காகிதத்தில் எண் கொடுக்கலாம். நீடில் ரோலரை அடுக்கவும், கடைசி அரை அங்குலத்தில் போல்ட்டை இழுக்காமல் நிற்கவும் தெரிந்த ஆள் வேண்டும். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிப்பு இரண்டு ஆண்டு. அங்கே கற்றவனுக்கும் இந்த வேலை இந்த ஷெட்டில்தான் கைக்கு வந்திருக்கிறது.

பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பெயிண்ட்டுக்கும் தோல் சீட்டுக்கும் பேரம் பேசாமல் கொடுக்கிறீர்கள். கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றும் கூலியில் மட்டும் பேரம் பேசாதீர்கள். மேஸ்திரி பார்க்கும் வேலையைப் பக்கத்தில் நின்று படம் எடுத்து, அளவுகளோடு எழுதி வையுங்கள். அவரிடம் கற்கும் பையனுக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள், வேலை இல்லாத மாதத்திலும் அவன் தொழிலை விட்டுப் போகாதபடி உதவுங்கள். உதிரி பாகம் இன்றைக்கும் பிரிட்டனிலிருந்து தபாலில் வரும். அதைப் பூட்டத் தெரிந்த கையை இங்கேதான் வளர்க்க வேண்டும்.