சீரிஸ் பல்பு

புதுச்சேரி முதலியார்பேட்டையில், கடலூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருக்கிறது அந்த மோட்டார் வைண்டிங் பட்டறை. நான்கு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். பட்டறைக்காரரின் அப்பா ரோடியர் மில்லில், அதாவது 1898இல் தொடங்கி 2020இல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி. பஞ்சாலையில், கரன்ட் வேலை பார்த்தவர். மகனுக்கு அவர் விட்டுப்போனவற்றில் ஒரு சீரிஸ் போர்டும் உண்டு.

ஒரு பலகை, ஒரு ஹோல்டர், அதில் 100 வாட் குண்டு பல்பு, பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட். அவ்வளவுதான் போர்டு. பாயின்டுக்கு நேராகப் போக வேண்டிய ஃபேஸ் பல்பின் வழியாகத்தான் போகும். பழுதுக்கு வரும் எதையும் முதலில் இதில்தான் சொருகுகிறார்கள்.

பட்டறைக்காரர் ஒரு சீலிங் ஃபேனைச் சொருகினார். பல்பு மங்கலாகச் சிவந்தது. "காயில் உயிரோட இருக்கு சார்." அடுத்த ஃபேனுக்குப் பல்பு எரியவே இல்லை. எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. மூன்றாவதற்குப் பளிச்சென்று முழு வெளிச்சம். "இது உள்ளே ஷார்ட். நேரா லைன்ல குடுத்திருந்தா ஃபியூஸ் போயிருக்கும்."

பள்ளியில் ஓம் விதியை மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்தப் பல்பைக் காட்டியிருக்கலாம் என்று தோன்றியது. தொடர் இணைப்பில் எல்லாவற்றின் வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான் போகும். மின்னழுத்தத்தைத்தான் மின்தடைக்கேற்பப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 100 வாட் பல்பின் தடை, எரியும்போது, ஏறக்குறைய 530 ஓம். எதிரே முழு ஷார்ட் இருந்தாலும் 230 வோல்ட்டில் 0.43 ஆம்பியருக்கு மேல் பல்பு விடாது. ஃபியூஸ் பிழைப்பது அதனால்தான். ஆள் பிழைப்பாரா என்பது வேறு: அதில் கால் பங்கு மின்னோட்டமே உயிரை எடுக்கப் போதும். உதவிக்கு நின்ற பையன் சொருகிய ஃபேனின் பாடியைத் தொடப் போனபோது பட்டறைக்காரர் அதட்டினார்: "பல்பு இருக்குன்னு கை வைக்காதடா!"

பல்பும் சில நேரம் ஏமாற்றும். 750 வாட் அயர்ன் பாக்ஸின் தடை 70 ஓம்தான். சீரிஸில் வைத்தால் ஏறக்குறைய 200 வோல்ட்டைப் பல்பே எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட முழு வெளிச்சம் காட்டும். நல்ல பெட்டியை ஷார்ட் என்று ஒதுக்கிவிடுவோம். அங்கே மீட்டர்தான் பேச வேண்டும்.

மீட்டரை எடுத்ததும் பையனுக்கு ஒரு கணக்கு கொடுத்தார். ஃபேனிலிருந்து மூன்று வயர் வருகிறது, இரண்டு காயிலும் சேரும் காமன் எது? இரண்டிரண்டாகத் தொட்டுப் பார்த்தான்: 170, 220, 390 ஓம். ரன்னிங் காயிலும் ஸ்டார்ட்டிங் காயிலும் சேர்ந்து நிற்கும் ஜோடியில்தான் தடைகள் கூடிப் பெரிய எண் வரும். அந்த ஜோடியில் இல்லாத மூன்றாவது வயர் காமன். "அப்போ இதுண்ணே," என்று கறுப்பு வயரைப் பிடித்தான். முகத்தில் கொஞ்சம் பெருமை.

மூலையில் பழைய ஃபேன் ரெகுலேட்டர்கள் குவிந்து கிடந்தன. அவையும் தொடர் இணைப்புதான். வேகத்தைக் குறைக்கக் குறைக்க மின்தடைக் கம்பிச் சுருள் கூடும், மிச்ச வோல்ட் பெட்டிக்குள் சூடாகவே வீணாகும். இன்று யாரும் கேட்பதில்லை. பித்தளைக்காக வைத்திருக்கிறார்.

அவருடைய கவலை குண்டு பல்பு. எல்.இ.டி. பல்பு சீரிஸுக்கு ஆகாது. உள்ளே இருக்கும் டிரைவர், வரும் மின்னழுத்தம் குறைந்தாலும் ஒரே வெளிச்சம் காட்டப் பார்க்கும், இல்லாவிட்டால் மினுக்கும். மங்கலா பளிச்சா என்று எதை வைத்துச் சொல்வது? நான் கிளம்பும்போது, நேரு வீதிப் பக்கம் போனால் எந்தக் கடையிலாவது 100 வாட் பல்பு இருக்கிறதா பாருங்கள், இருந்தால் இருப்பது அத்தனையும் வேண்டும் என்றார்.